டாஷ்போர்டு வேற, நோட்டீஸ் போர்டு வேற



போன எபிசோடுல டார்க் தீம் பத்திப் பேசும்போது நான் கொஞ்சம் சூடாகிட்டேன். "ஒரு கலர் விஷயத்துக்கு ஏன் இவ்வளவு கோபம்?"னு சிலர் கேட்டிருந்தீங்க. நியாயமான கேள்வி. அந்தக் கோபம் உங்க மேல இல்ல, டார்க் தீம் மேலயும் இல்ல. நான் செஞ்ச ஒரு வேலை மேல. மைக் முன்னாடி அதைச் சொல்லத் தைரியம் வரல. அதனால இந்த மடல்ல எழுதுறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி, நவம்பர் மாசம். இங்க மியூனிக்ல சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்துற ஒரு அமைப்போட போர்ட்டலைப் புதுசாக்கித் தரச் சொல்லிக் கேட்டாங்க. செய்தி, நிகழ்ச்சி நாட்காட்டி, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு அறிவிப்பு, வாடகைக்கு வீடு, பழைய சைக்கிள் விற்பனை, அதோட ஒரு விவாதப் பகுதி. எல்லாம் ஒரே இடத்துல. காசு கிடையாது, ஆனா ஆசையா ஒத்துக்கிட்டேன்.

நவம்பர் கடைசியில இங்க மாலை நாலரை மணிக்கே சூரியன் போயிடும். ஆபீஸ் முடிஞ்சு வந்து, விளக்கைக் குறைச்சு வச்சு, கருப்புப் பின்னணி எடிட்டர்ல உட்கார்ந்து வேலை செஞ்சா, மனசுக்குள்ள வர்ற தீமும் கருப்பாத்தான் வரும். பின்னணிக்கு 121212. மூணு பத்தி (பாராவைச் சொல்லல, செய்தித்தாள்ல வர்ற மாதிரி நீளவாக்குப் பத்தி). இடது பக்கம் மெனு, நடுவுல பதிவுகள், வலது பக்கம் "முக்கியத் தேதிகள்"னு சின்னச் சின்னப் பெட்டிகள். ரொம்பக் கத்த வேண்டாம்னு தோணின எழுத்துக்கெல்லாம் 666666 சாம்பல். நண்பர்கள் பார்த்துட்டு "செம்மயா இருக்குடா, நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி"ன்னாங்க. எனக்குத் தலைகால் புரியல.

பிப்ரவரியில ஒரு ஃபோன் வந்தது. தமிழ் வகுப்பு நடத்துற ஒரு அம்மா. யாழ்ப்பாணத்துக்காரர், எழுபதைத் தாண்டினவர். நாங்க எல்லாரும் "ரீச்சர்"னுதான் கூப்பிடுவோம்.

"தம்பி, குறை நினையாதையும். உம்மட பக்கத்தைப் பிரிண்ட் எடுத்தா வெறுங் கடதாசியா வருது. மை முடிஞ்சுதாக்கும் எண்டு புதுசா ஒண்டு வாங்கிப் போட்டும் பார்த்திட்டன்."

எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. பெரும்பாலான பிரவுசர்கள், மை வீணாகக் கூடாதுன்னு, பின்னணி நிறத்தைப் பிரிண்ட் பண்ணாது. கருப்பு போயிடும். மிச்சம் இருக்கிறது வெள்ளைத் தாள்ல வெளிறின எழுத்து. பிரிண்டுக்குன்னு தனியா நாலு வரி சிஎஸ்எஸ் எழுதியிருந்தா இது நடந்திருக்காது. நான் எழுதல. 2020-களில் யாரு பிரிண்ட் எடுக்கப் போறான்னு நினைச்சேன்.

ரீச்சர் எடுப்பார். ஒவ்வொரு வருஷமும் தமிழ்த் தேர்வுக்குப் பதியக் கடைசித் தேதியைப் பிரிண்ட் எடுத்து வகுப்புக் கதவுல ஒட்டுவார். பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்ற தாத்தா பாட்டிகள் அந்தத் தாளைப் படிச்சுத்தான் வீட்டுல போய்ச் சொல்லுவாங்க. அந்த வருஷம் கதவுல தாள் இல்ல. ஃபோன்ல பார்த்தவங்களுக்கும் தேதி கண்ணுல படல. ஏன்னா சின்னத் திரையில மூணு பத்தியும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா மடங்கும்போது, வலது பத்தி எல்லாத்துக்கும் அடியில போயிடுது. முப்பது பதிவைத் தாண்டி, மங்கலான சாம்பல்ல, "கடைசித் தேதி".

மூணு பிள்ளைங்களுக்குப் பதிவு விட்டுப்போச்சு. "பரவாயில்லைத் தம்பி, வாற வருசம் எழுதட்டும்"னு ரீச்சர் சொன்னார். திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

அதுக்கப்புறம்தான் ஒழுங்கா யோசிச்சேன். இந்த மூணு பத்திக் கருப்புத் தீம் எனக்குள்ள எங்கிருந்து வந்தது?

என் வயசுக்காரங்களுக்குப் பதில் தெரிஞ்சிருக்கும். 2000-ல வெனிசுவேலாவைச் சேர்ந்த ஃபிரான்சிஸ்கோ பர்ஸி வெளியிட்ட பிஹெச்பி-நியூக் ஞாபகம் இருக்கா? இடது பக்கம் பெட்டிகள், நடுவுல செய்தி, வலது பக்கம் பெட்டிகள். போர்ட்டல்னாலே இப்படித்தான்னு ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்தது அது. ஜெர்மனியில அதே காலகட்டத்துல கேமிங் குழுக்கள் தங்களுக்குன்னு தளம் போட்டுக்கிட்டாங்க. வெப்ஸ்பெல்னு அதுக்குன்னே இங்க உருவான ஒரு மென்பொருள்கூட உண்டு. விளக்கணைச்ச அறை, கருப்புத் திரை, ஓரத்துல "யார் ஆன்லைன்", "கடைசி மேட்ச்", "அடுத்த மேட்ச்". அந்தப் பசங்களுக்கு அது சரியான வடிவம். நாலு எண்ணைப் பார்த்துட்டு விளையாடப் போயிடுவாங்க. உட்கார்ந்து யாரும் படிக்கல.

இதை எனக்கு இன்னும் தெளிவாக்கினது ஒரு சனிக்கிழமை. யூ3 ரயில்ல ஒலிம்பியாசென்ட்ரும் நிறுத்தத்துல இறங்கினா, ஒரு பக்கம் பி.எம்.டபிள்யூவோட நாலு சிலிண்டர் கோபுரமும் மியூசியமும். இன்னொரு பக்கம் 1972 ஒலிம்பிக் நடந்த பூங்கா. பையனை மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். அவன் காரைப் பார்த்தான், நான் டாஷ்போர்டைப் பார்த்தேன்.

பல தலைமுறை பி.எம்.டபிள்யூ கார்கள்ல ராத்திரி மீட்டர்கள் ஆரஞ்சு கலந்த சிவப்புல எரியும். பார்த்திருப்பீங்க. காரணம் கண்ணுக்குள்ள இருக்கு. இருட்டுல நமக்குப் பார்வை தர்ற ராட் செல்கள் சிவப்பு ஒளிக்கு அவ்வளவா அசையாது. அதனால மீட்டரைப் பார்த்துட்டு ரோட்டைப் பார்த்தா கண் திரும்பப் பழக வேண்டியதில்ல. 1975-ல வந்த முதல் 3 சீரிஸ்ல நடு பேனலையே டிரைவர் பக்கம் சாய்ச்சு வச்சாங்க. கருப்புப் பின்னணி, பல பத்திகள், குறைஞ்ச வெளிச்சம். எல்லாமே ஒரே காரணத்துக்காக: கண்ணு அங்க அரை நொடிதான் இருக்கணும், உடனே ரோட்டுக்குத் திரும்பிடணும்.

ரோட்டைத் தாண்டிப் பூங்காப் பக்கம் வந்தா கதை தலைகீழ். 1972 ஒலிம்பிக்கோட வடிவமைப்பைச் செஞ்சவர் ஓட்டல் ஐஷர். நாஜி காலத்தை ஞாபகப்படுத்துற சிவப்பை வேணும்னே ஒதுக்கி வச்சுட்டு, வெளிர் நீலம், பச்சை, ஆரஞ்சுன்னு பகல் வெளிச்சத்து நிறங்களா எடுத்தார். எழுத்துக்கு ஒரே குடும்பம், யுனிவர்ஸ். மொழி தெரியாதவங்களுக்குப் படக்குறிகள். உலகத்தோட எந்த மூலையில இருந்து வர்றவனும் வழி தெரியாம நிக்கக் கூடாது, பயப்படவும் கூடாதுங்கிறதுதான் அங்க நோக்கம்.

அந்த ரெண்டுக்கும் நடுவுல நின்னப்பதான் புரிஞ்சது. ரீச்சர் கேட்டது நோட்டீஸ் போர்டு. நான் கட்டிக் கொடுத்தது டாஷ்போர்டு.

என் கருத்து இவ்வளவுதான்: எட்டிப் பார்க்கிற பக்கத்துக்குக் கருப்பும் பல பத்தியும் பொருந்தும். உட்கார்ந்து படிக்கிற பக்கத்துக்கு ரெண்டுமே தடை. போர்ட்டல்ல ரெண்டு வகைப் பக்கமும் இருக்கு. நாம ஒரே தீமை எடுத்து எல்லாத்துக்கும் போர்த்திடுறோம். தப்பு அங்கதான்.

"கருப்புதான் கண்ணுக்கு நல்லது"ன்னு சொல்றவங்களுக்கு. டுசெல்டார்ஃப் பல்கலைக்கழகக் குழு ஒண்ணு 2013-ல வெளியிட்ட ஆய்வுல, வெளிர் பின்னணியில கருப்பு எழுத்தைப் படிக்கும்போது இளைஞர்களும் சரி, வயசானவங்களும் சரி, இன்னும் நல்லாச் செஞ்சாங்க. வெளிச்சம் அதிகமா இருந்தா பாப்பா சுருங்கும், சுருங்கினா பிம்பம் கூர்மையாகும்ங்கிறது அதுக்கான விளக்கம். கேமராவுல அபெர்ச்சரைக் குறைக்கிற மாதிரி. ஆஸ்டிக்மாடிசம் இருக்கிறவங்களுக்கு கருப்புல வெள்ளை எழுத்து கசிஞ்சு தெரியறதும் இதோட சேர்ந்தது.

இந்தக் கசிவு தமிழுக்குக் கூடுதல் ஆபத்து. 'ண'வுக்கும் 'ன'வுக்கும் வித்தியாசம் ஒரு சுழி. 13 பிக்சல்ல, கருப்புல வெள்ளையா, அந்தச் சுழிகள் உள்ளுக்குள்ள அடைச்சுக்கும். மனமா மணமா, பனையா பணையான்னு இடம் பார்த்துதான் ஊகிக்கணும். புள்ளி இன்னும் மோசம். மங்கின சாம்பல்ல அது காணாமப் போனா 'கல்' 'கல' ஆயிடும். ஆங்கிலத்துக்குன்னு செஞ்ச தீமை எடுத்து எழுத்துருவை மட்டும் மாத்தினா போதும்னு நினைக்கிறவங்க இந்த ரெண்டையும் ஒரு வயசானவரோட கண்ணாடி வழியாப் பாருங்க.

பேட்டரி விஷயம். ஓஎல்இடி திரையில கருப்புப் புள்ளிக்கு மின்சாரம் வேண்டாம், உண்மைதான். ஆனா பர்டூ பல்கலைக்கழகம் 2021-ல அளந்து பார்த்தப்போ, வெளிச்சம் 100 சதவீதத்துல இருந்தாத்தான் 39 முதல் 47 சதவீதம் மிச்சம். நாம வழக்கமா வச்சிருக்கிற 30 முதல் 50 சதவீத வெளிச்சத்துல 3 முதல் 9 சதவீதம்தான். எல்சிடி திரையில பின்விளக்கு எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும்.

அடுத்து சாம்பல் கணக்கு. டபிள்யூசிஏஜி விதிப்படி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைஞ்சது 4.5-க்கு 1 வேறுபாடு வேணும். என்னோட 666666 சாம்பல் வெள்ளைப் பின்னணியில 5.7 வாங்கும், பாஸ். அதே சாம்பல் 121212 மேல 3.3 கூட இல்ல, ஃபெயில். லைட் தீமுக்குத் தேர்ந்தெடுத்த நிறங்களை அப்படியே தூக்கிக் கருப்பு மேல வச்சா இப்படித்தான் ஆகும். டார்க் தீம்ங்கிறது நிறத்தைத் தலைகீழாத் திருப்புறது இல்ல. ஒவ்வொரு நிறத்தையும் திரும்ப முதல்ல இருந்து தேர்ந்தெடுக்கிறது. அதுலயும் இந்தக் கணக்கு இருண்ட நிறங்களுக்குத் தாராளமா மார்க் போடுதுன்னு ஒரு குறை இருக்கு. அதனால 4.5 வந்துட்டா முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க, 6-க்கு மேலயே வைங்க.

பத்திக்கு வருவோம். 220 பிக்சல் அகலத்துல ஒரு சைட்பார். 16 பிக்சல் தமிழ் எழுத்து, ஓரம் விட்டது போக ஒரு வரிக்குப் பதினஞ்சு எழுத்து நிக்கிறதே கஷ்டம். "அறிவிக்கப்பட்டிருக்கிறது" ஒரு வார்த்தையே 14 எழுத்து! ஒரு வரிக்கு ஒரு வார்த்தை. இல்லேன்னா பிரவுசர் நடுவுல வெட்டி, 'அறிவிக்கப்பட்டிருக்' ஒரு வரி, 'கிறது' அடுத்த வரி. ஜெர்மன்காரங்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. 2025 ஜூன் 28 முதல் இங்க நடைமுறைக்கு வந்திருக்கிற டிஜிட்டல் அணுகல் சட்டத்தோட ஜெர்மன் பேர் ஒரே வார்த்தை, 32 எழுத்து. அந்தச் சட்டத்தோட பேரே என் சைட்பார்ல அடங்காது! ஆன்லைன் கடை, வங்கிச் சேவை மாதிரியானவற்றுக்கான சட்டம் அது. எங்க மாதிரித் தன்னார்வப் போர்ட்டலை அது குறிவைக்கல. ஆனா ரீச்சருக்குத் தேதி தெரியணும்ங்கிறதுக்குச் சட்டமா வேணும்?

சரி, அப்போ டார்க் தீமே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். லென்ஸ் மங்கிப்போனவங்களுக்கு, உதாரணமா கண்புரை இருக்கிறவங்களுக்கு, கருப்புல வெள்ளை எழுத்துதான் படிக்க வசதின்னு கோர்டன் லெக் குழு 1985-லயே காட்டியிருக்கு. ஒற்றைத் தலைவலிக்காரங்க, வெளிச்சம் தாங்காதவங்க இருக்காங்க. பக்கத்துல குழந்தை தூங்கும்போது ஃபோன் பார்க்கிற அம்மா இருக்காங்க. ஒரே வயசு, ஒரே வகுப்பு ரீச்சர்கள் ரெண்டு பேருக்குக்கூட நேர் எதிரான தேவை இருக்கலாம். அதனாலதான் இதை நான் முடிவு பண்ணக் கூடாதுன்னு சொல்றேன். வாசகர் தன் கருவியில ஏற்கெனவே முடிவு பண்ணி வச்சிருக்கார். 2019-ல இருந்தே சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ், குரோம் மூணும் அந்த விருப்பத்தைச் சிஎஸ்எஸ்கிட்ட சொல்லுது. கேட்டா போதும். கேட்காம "எனக்கு அழகாத் தோணுது"ன்னு திணிக்கிறது, விருந்துக்கு வந்தவருக்குப் பசிக்குதான்னு கேட்காம இலையில கொட்டுற மாதிரி.

போர்ட்டலை நான் திரும்பச் செஞ்சேன். என்ன மாத்தினேன்னு சுருக்கமா, உங்களுக்குப் பயன்படலாம்:

1. தீம் மூணு நிலை. கருவி சொல்றபடி, வெளிச்சம், இருட்டு. முதல்ல வர்றவருக்குக் கருவி சொல்றபடி. மாத்துற பட்டன் மேலேயே, தமிழ்ல எழுதி. நிலாப் படம் மட்டும் போட்டா எங்க பெரியவங்க அதை அமாவாசை நாட்காட்டின்னு நினைச்சாங்க.

2. இருட்டுத் தீமுக்குத் தனி நிறப்பட்டியல். பின்னணி 121212-தான், ஆனா முழு வெள்ளை எழுத்து இல்ல, லேசா மங்கின வெள்ளை. துணை எழுத்துக்கு 999999, அது 6.5-ஐத் தாண்டும். கருப்புல எழுத்து தடிமனாத் தெரியும்ங்கிறதால எடையை ஒரு படி குறைச்சேன், அளவை 18 பிக்சலாக்கினேன், வரி உயரம் 1.7. கொம்பும் சுழியும் மூச்சு விடட்டும்.

3. முகப்பு மட்டும் ரெண்டு பத்தி, படிக்கிற பக்கம் ஒரே பத்தி. விவாதங்களைக் கவனிக்கிற நிர்வாகிகளுக்கு மட்டும் பழைய மூணு பத்தி இருக்கு. அவங்க வேலை எட்டிப் பார்க்கிறது. அவங்களுக்கு அது டாஷ்போர்டு, பொருந்துது.

4. தேதி எப்பவும் முதல்ல. சிஎஸ்எஸ் கிரிட் வந்தப்புறம் திரையில எதை எங்க வேணாலும் வைக்கலாம். ஆனா திரைவாசிப்பான் ஹெச்டிஎம்எல்ல இருக்கிற வரிசையிலதான் படிக்கும். வேற அடுக்கு சொல்லாத வரைக்கும் ஃபோன்ல மடங்குறதும் அந்த வரிசையிலதான். அதனால கடைசித் தேதியை ஹெச்டிஎம்எல்லயே மேல தூக்கினேன்.

5. பிரிண்டுக்குன்னு சிஎஸ்எஸ். கருப்பு எழுத்து, ஒரே பத்தி, மெனு கிடையாது. எழுத எடுத்த நேரம் இருபது நிமிஷம்.

அந்த அஞ்சாவதைத்தான் நினைச்சு நினைச்சு வெட்கப்படுறேன். சட்டகத்துக்கு நிழல் விழறது சரியா வரணும்னு ஒரு முழு ராத்திரி செலவழிச்சேன். இருபது நிமிஷம் செலவழிக்கல. மூணு பிள்ளைங்களுக்கு ஒரு வருஷம் போச்சு. டிசைன்ல தப்பு பண்ணினா "யூசர் எக்ஸ்பீரியன்ஸ் பாதிக்கும்"னு சொல்லிப் பழகிட்டோம். பாதிக்கப்படறது எக்ஸ்பீரியன்ஸ் இல்லீங்க, ஆளு. அவருக்கு ஒரு பேர் இருக்கு, ஒரு பழைய பிரிண்டர் இருக்கு, ஒரு வகுப்புக் கதவு இருக்கு.

இந்த வருஷம் பிப்ரவரியில ரீச்சர் வாட்ஸ்அப்ல ஒரு படம் அனுப்பினார். வகுப்புக் கதவு, அதுல தாள், தாள்ல தேதி. கீழ ஒரு குரல் பதிவு: "வடிவா வந்திருக்குத் தம்பி. எழுத்தை இன்னும் கொஞ்சம் பெருசாக்கினீரெண்டால் நல்லம்."

ஆக்கிட்டேன் ரீச்சர், 20 பிக்சல்.

உங்களுக்கு இந்த வாரம் ஒரு சின்ன வேலை. நீங்க செஞ்ச ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பிரிண்ட் ப்ரிவ்யூ பாருங்க. அப்புறம் அதையே பகல் வெயில்ல, பஸ் ஸ்டாப்புல நின்னு ஃபோன்ல பாருங்க. கருப்புத் திரையில முதல்ல தெரியறது உங்க முகம்தான். அதைத் தாண்டி என்ன படிக்க முடிஞ்சதுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல, இந்தத் தடவை சூடாகாம, பேசுவோம்.